குடிசன் பார்க்கும் எவர்டன் கழகமும்: மைதானம் யாருடையது?

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2025 மே 18ஆம் திகதி எவர்டன் கழகத்தின் ஆடவர் அணி சவுத்ஹம்ப்டன் அணியை 2-0 என்ற கணக்கில் வென்று, 1892 முதல் தனக்கு வீடாக இருந்த குடிசன் பார்க் மைதானத்தில் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டது. மட்டக்களப்பில் இங்கிலாந்து உதைபந்தாட்டம் பார்ப்பவர்களுள் லிவர்பூலுக்கும் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கும் ஆள் அதிகம். எவர்டன் ஆதரவாளர் ஒருவரைக் கண்டுபிடிப்பதே கடினம். ஆயினும் அந்த மைதானத்தின் வரலாறு நம் ஊர்க் கழகங்கள் கவனிக்க வேண்டியது என்று எனக்குப் படுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த எவர்டன் ஒரு தேவாலயத்தில் பிறந்த கழகம். 1878இல் மெதடிஸ்த சபையின் ஒரு பிரிவைச் சேர்ந்த புனித டொமிங்கோ ஆலயத்து இளைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு பெயரை எவர்டன் என்று மாற்றினார்கள். (1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய ஊர்க்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு சிறு உறவு தோன்றுவது இயல்புதான்.) முதலில் ஸ்டான்லி பூங்காவின் பொது வெளியில் விளையாடினார்கள். பின்னர் பிரையோரி வீதியில் ஒரு காணி கிடைத்தது. கூட்டமும் கூச்சலும் பொறுக்காமல் அதன் சொந்தக்காரர் எழுப்பிவிட்டார். 1884இல் அன்ஃபீல்ட் வீதியில் ஜோன் ஓரல் என்பவரின் காணியை வாடகைக்கு எடுத்தார்கள். ஆம், இன்று லிவர்பூல் விளையாடும் அதே அன்ஃபீல்ட்தான். 1888இல் இங்கிலாந்து லீக்கைத் தொடங்கிய 12 கழகங்களுள் எவர்டனும் ஒன்று. 1890-91 பருவத்தில் முதலாவது சாம்பியன் பட்டத்தை வென்றபோது அவர்களுடைய மைதானம் அன்ஃபீல்ட்.

அந்தக் காணியைப் பின்னர் வாங்கியவர் ஜோன் ஹவுல்டிங். அவர் மதுபான உற்பத்தியாளர், நகரத்து அரசியல்வாதி, எவர்டன் கழகத்தின் தலைவர். தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 பவுணாக இருந்த வாடகை 250 பவுண் வரை உயர்ந்தது. கழகத்துக்குள் பிளவு ஏற்பட்டது. ஆலயத்தின் இசைக் கலைஞராக இருந்த ஜோர்ஜ் மேகனின் தலைமையில் பெரும்பான்மை உறுப்பினர்கள் அன்ஃபீல்டை விட்டு வெளியேறி, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தில் மேர் கிரீன் எனப்பட்ட வெளியைப் பிடித்தார்கள். கழக உறுப்பினரான வைத்தியர் ஜேம்ஸ் பக்ஸ்டர் வட்டியில்லாமல் 1,000 பவுண் கடன் கொடுத்தார். 1892 ஓகஸ்ட் 24ஆம் திகதி குடிசன் பார்க் திறந்து வைக்கப்பட்டது. வெறும் மைதானத்தோடு எஞ்சிய ஹவுல்டிங் புதிதாக ஒரு கழகத்தை உருவாக்கினார். அதுதான் லிவர்பூல்.

என் வாதம் இதுதான்: ஒரு கழகத்தின் மைதான வரலாறு என்பது அடித்த கோல்களின் வரலாறு அன்று, காணி உறுதியின் வரலாறு. நம் மாவட்டத்திலும் அம்பாறையிலும் நான் அறிந்த கழகங்களுள் தன் பெயரில் காணி வைத்திருப்பது எதுவும் இல்லை. பாடசாலை மைதானம், மாநகர சபை மைதானம், பிரதேச சபை மைதானம், கோயில் வெளி என்று எல்லாம் பிறருடையவை. அப்படியிருக்க, நாம் ‘எங்கள் மைதானம்’ என்று எதைச் சொல்கிறோம்?

---

சந்தாங்கேணி

வாவிக்கரை அண்ணன் தந்த வரலாற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. முடிவில்தான் இருக்கிறது. கல்முனை சந்தாங்கேணி மைதானம் எந்தக் கழகத்துக்கும் சொந்தமில்லை. ஆனாலும் இறுதிப் போட்டி நடக்கும் மாலையில் சுற்றி நிற்கும் கூட்டத்திடம் ‘இது உங்களுடையதல்ல’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. மட்டக்களப்பு வெபர் மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவியான அருட்தந்தை வெபர், இந்த மண்ணின் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாக வளர்த்த காரணத்தால் அவருடைய பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. காணிச் சொந்தக்காரர் என்ற காரணத்தால் அன்று.

குடிசன் பார்க்கைக் குடிசன் பார்க்காக ஆக்கியது உறுதிப்பத்திரமா? எவர்டன் வீரர் டிக்ஸி டீன் 1927-28 பருவத்தில் லீக்கில் மட்டும் 60 கோல்கள் அடித்தார். அவற்றுள் அறுபதாவது கோல், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஆர்சனலுக்கு எதிராக அந்த மைதானத்திலேயே விழுந்தது. 1980 மார்ச் 1ஆம் திகதி, எவர்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த அதே மனிதர் அங்கேயே உயிர் நீத்தார். இறந்த ஆதரவாளர்களின் அஸ்தியை ஆடுகளத்தின் ஓரத்தில் புதைக்க நீண்ட காலம் கழகம் அனுமதித்து வந்தது. இனி இடமில்லை என்ற நிலை வந்த பிறகே அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். இவை எந்த உறுதியில் எழுதப்பட்டிருக்கின்றன?

---

நொத்தாரிசு காரியாலயம்

தொழில் காரணமாகக் காணி விவகாரங்களை அன்றாடம் பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஹவுல்டிங்கை வெறும் பேராசைக்காரராகச் சித்திரிப்பது எவர்டன்காரர்களின் கதை. அதற்கு மறுபக்கமும் உண்டு. கழகம் வளராத காலத்தில் பணமும் செல்வாக்கும் கொடுத்தவர் அவர். அந்தக் காணியைத் தம்மிடமிருந்தும் பக்கத்துக் காணியை ஓரலிடமிருந்தும் வாங்கிக்கொள்வதற்கு ஒரு வரையறுக்கப்பட்ட கம்பனியை அமைக்குமாறு உறுப்பினர்களிடம் முன்மொழிந்தவரும் அவரே. விலை அதிகம் என்று உறுப்பினர்கள் மறுத்தார்கள். ஒரே மனிதர் கழகத்தின் தலைவராகவும் அதன் காணிச் சொந்தக்காரராகவும் இருந்ததே சிக்கலின் வேர். வாடகையைக் கூட்டக் கேட்பவரும் கூட்டலாமா என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரும் ஒருவராக இருந்தால் எந்தச் சங்கமும் உடையும். நம் ஊர்களில் கோயில் பரிபாலன சபைகளிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, ஹவுல்டிங் எவர்டன் என்ற பெயரையும் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அந்தப் பெயரில் ஒரு கம்பனியையும் பதிவு செய்தார். பெயர் வெளியேறிய கழகத்துக்கே உரியது என்று உதைபந்தாட்ட அதிகாரிகள் தீர்மானித்த பின்னரே லிவர்பூல் என்ற பெயர் வந்தது. ஆகவே 1892இல் காணி ஒரு பக்கமும் பெயர், வீரர்கள், லீக் இடம் என்பன மறுபக்கமும் பிரிந்தன. வாவிக்கரை சொல்வது போல் உறுதிதான் எல்லாம் என்றால் எவர்டன் அன்றே அழிந்திருக்க வேண்டும். சந்தாங்கேணி சொல்வது போல் மக்கள் மட்டுமே போதுமென்றால், புதிய இடத்தையும் முதலில் வாடகைக்கு எடுத்தவர்கள் சில ஆண்டுகளிலேயே அதை விலைக்கு வாங்க ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள்? ஒரு முறை எழுப்பப்பட்டவனுக்குத்தான் உறுதியின் அருமை தெரியும்.

---

பழைய கோல்காப்பாளர்

காணி பற்றிய வாதத்தில் கட்டடத்தை மறந்துவிடக் கூடாது. குடிசன் பார்க்கின் பெருமை அதன் அரங்குகள்தான். சொந்தக் காணி என்ற துணிவு இல்லாதிருந்தால் அவற்றை யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். அந்த வகையில் நான் வாவிக்கரை தம்பியின் பக்கம்.

பிரித்தானியாவின் பழைய மைதானங்கள் பலவற்றை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் லீட்ச் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளரின் கை இங்கே விரிவாகப் பதிந்தது. கிளாஸ்கோவில் அவர் வடிவமைத்த ஐப்ரொக்ஸ் மைதானத்தில் 1902ஆம் ஆண்டு மரத்தளம் இடிந்து 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் தொழிலைத் தொடர்ந்து, முன்னிலும் உறுதியான இரும்புக் கட்டுமானங்களை எழுப்பியவர் அவர். குடிசனில் 1909இல் ஈரடுக்கு முதன்மை அரங்கு எழுந்தது. 1926இல் புல்லன்ஸ் வீதிப் பக்கமும் 1938இல் கிளாடிஸ் வீதிப் பக்கமும் முடிந்தபோது, நாற்புறமும் ஈரடுக்கு அரங்கு கொண்ட முதல் மைதானமாகப் பிரித்தானியாவில் அது விளங்கியது. மேலடுக்கின் முகப்பில் பெருக்கல் குறிகளைத் தொடர்ந்து வரைந்தது போன்ற இரும்புப் பின்னல் ஓடும். லீட்சின் கையெழுத்து என்று அதைச் சொல்வார்கள். இரு அரங்குகள் சந்திக்கும் மூலையில் புனித லூக்கா ஆலயம் மைதானத்துக்குள்ளேயே தலை நீட்டி நிற்கும். உலகப் போரில் குண்டு விழுந்து கிளாடிஸ் வீதி அரங்கு சேதமடைந்ததும், 1958இல் இங்கிலாந்திலேயே முதன்முறையாகப் புல்லின் அடியில் வெப்பக் கம்பிகள் பதித்ததும் வேறு கதைகள்.

1948 செப்டெம்பரில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்துக்கு 78,299 பேர் வந்தார்கள். அந்தச் சாதனை அங்கே பின்னர் முறியடிக்கப்படவில்லை. கடைசிக் காலத்தில் அதே இடத்தில் 40,000 பேருக்குக்கூட இருக்கை இல்லை. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலால் நேர்ந்த அனர்த்தத்துக்குப் பின் வந்த டெய்லர் அறிக்கை, உயர்நிலைக் கழகங்கள் நின்று பார்க்கும் தளங்களை அகற்றி அனைவருக்கும் இருக்கை அமைக்க வேண்டுமென்றது. அந்த அனர்த்தத்தில் இறந்தவர்கள் 97 பேர். எல்லோரும் லிவர்பூல் ஆதரவாளர்கள், ஆனால் துயரம் முழு நகரத்துக்கும் உரியது.

எனக்கு மிகவும் பிடித்தது 1966 உலகக் கிண்ணம். குடிசனில் ஐந்து ஆட்டங்கள் நடந்தன. பெலேயின் பிரேசில் தன் மூன்று ஆட்டங்களையும் அங்கேதான் ஆடியது. முதல் ஆட்டத்தில் பல்கேரியாவை வென்று, அடுத்து ஹங்கேரியிடமும் போர்த்துக்கலிடமும் 3-1 என்றே தோற்று, முதல் சுற்றுடன் வெளியேறியது. காலிறுதியில் வட கொரியா 25 நிமிடங்களுக்குள் போர்த்துக்கலுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்துவிட்டது. பின்னர் யூசேபியோ என்ற ஒரு மனிதர் நான்கு கோல்கள் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார், முடிவு 5-3. கோல்காப்பாளனாக நின்றவன் என்பதால் அந்தக் கொரியக் காவலருக்காக இன்றும் எனக்கு மனம் இரங்குகிறது.

---

செங்கலடி ஆசிரியை

இந்த இழையில் இதுவரை பேசப்பட்ட எல்லாமே ஆடவர் வரலாறு. குடிசன் பார்க்கின் மிக முக்கியமான நாள்களுள் ஒன்றை நீங்கள் யாரும் குறிப்பிடவில்லை.

1920ஆம் ஆண்டு நத்தாரை ஒட்டிய விடுமுறையில், பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்களின் டிக் கெர் அணியும் சென் ஹெலன்ஸ் பெண்கள் அணியும் அங்கே மோதின. பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம் பேர். வசூல் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நலனுக்குப் போனது. அடுத்த ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்று தடை விதித்தது. தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. பெண்கள் விளையாடுவதை அந்தச் சங்கத்தால் நேரடியாக நிறுத்த முடியவில்லை, ஆகவே மைதானத்தைப் பறித்தது. காணி முக்கியமா, மக்கள் முக்கியமா என்று விவாதிப்பவர்கள் இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?

குடிசனை இடித்து வீடுகளும் பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்களும் அமைப்பதாகவே கழகத்தின் திட்டம் நீண்ட காலம் இருந்தது. 2025 மே மாதத்தில் அது மாற்றப்பட்டு, எவர்டன் பெண்கள் அணியின் நிரந்தர மைதானமாகக் குடிசன் இருக்கும் என்று அறிவித்தார்கள். எங்கள் மாவட்டத்தில் பாடசாலைப் பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் ஆர்வத்தோடு இருக்கிறார்கள். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பின் எந்த மைதானமும் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் ‘கழகப் பெடியன்கள் வந்துவிடுவார்கள்’. உறுதி யார் பெயரில் இருந்தாலும், யார் எந்த நேரத்தில் உள்ளே வரலாம் என்று சொல்பவரே உண்மையான சொந்தக்காரர்.

---

வாவிக்கரை

ஆசிரியையின் பதிவு என் வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். டிக் கெர் அணிக்குச் சொந்த மைதானம் ஒன்றிருந்தால் அந்தத் தடை அவர்களை அவ்வளவு எளிதாக ஒடுக்கியிருக்காது. இரவல் வீட்டில் இருப்பவரை வெளியேற்றக் காரணம் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

பெயர் குறிப்பிடாமல் ஒரு விடயத்தைச் சொல்கிறேன். நான் இளவயதில் விளையாடிய கிராமத்துக் கழகம், வெறும் மணல் வெளியாகக் கிடந்த ஒரு பொதுக் காணியை உறுப்பினர்களின் உழைப்பால் மட்டப்படுத்தி, கிறவல் கொட்டி, புல் வைத்து, கோல் கம்பங்கள் நட்டது. பிறகு ஒரு களியாட்ட விழாவுக்காக அதைக் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. பார ஊர்திகள் ஏறி இறங்கிய பின் அங்கே நட்ட புல்லும் இல்லை, நட்டஈடும் இல்லை. எந்த எழுத்தாவணமும் எங்களிடம் இல்லாததால் கேட்பதற்கு வாயும் இல்லை.

---

பாலமுனை நானா

சொந்தக் காணி இருந்தும் எவர்டன் ஏன் வெளியேறியது என்பதை யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். சொந்தக் காணிதான் இறுதியில் அவர்களைக் கட்டிப்போட்டது. நான்கு பக்கமும் வீதியும் வரிசை வீடுகளும், மூலையில் ஆலயமும். விரிவாக்க ஒரு முழ இடம் இல்லை. தூண்கள் மறைக்கும் இருக்கைகளை வைத்துக்கொண்டு இன்றைய பிரிமியர் லீக்கின் வருமானப் போட்டியில் நிற்க முடியாது. லிவர்பூலும் இதே சிக்கலை எதிர்கொண்டது. ஸ்டான்லி பூங்காவில் புதிய மைதானம் கட்டும் திட்டத்தைப் பல ஆண்டுகள் இழுத்தடித்து, 2012இல் அதைக் கைவிட்டு, அன்ஃபீல்டையே பெருப்பிக்கத் தீர்மானித்தார்கள். அதற்காகச் சுற்றியிருந்த வீடுகளை வாங்கி, வெறுமையாகப் போட்டு, பின் இடித்தார்கள். அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் பட்ட துன்பம் லிவர்பூல் ஆதரவாளனான எனக்கும் பெருமை தரும் விடயம் அன்று.

எவர்டனின் இடமாற்ற முயற்சிகள் இரண்டு ஏற்கெனவே தோற்றிருந்தன. கிங்ஸ் டொக் திட்டம் 2003இல் பணமில்லாமல் நின்றது. நகர எல்லைக்கு வெளியே கேர்க்பிக்குப் போகும் திட்டத்தை 2009இல் அரசாங்கம் நிராகரித்தது. மூன்றாவதாக வந்ததே பிரம்லி மூர் கப்பல் துறை. 1848இல் திறந்த அந்தத் துறையின் தண்ணீரைக் கடல் மணலால் நிரப்பி, அதன் மேல் 52,000 பேருக்கு மேல் அமரும் அரங்கைக் கட்டினார்கள். அதற்கு அனுமதி கிடைத்த ஆண்டிலேயே, 2021 ஜூலையில், லிவர்பூல் துறைமுக நகரை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நீக்கத்துக்குக் காட்டிய காரணங்களுள் இந்த மைதானமும் ஒன்று. போர்த்துக்கீசர் 1628இல் கட்டிய மட்டக்களப்புக் கோட்டையின் அருகே வாவியை நிரப்பி ஒரு மைதானம் கட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால் இங்கே எத்தனை பேர் கைதட்டுவோம், எத்தனை பேர் மறியலில் உட்காருவோம்? நான் இரண்டு கூட்டத்திலும் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

புதிய அரங்கில் முதல் லீக் ஆட்டம் 2025 ஓகஸ்ட் 24ஆம் திகதி, பிரைட்டனுக்கு எதிராக நடந்தது. குடிசன் திறக்கப்பட்டதும் ஓர் ஓகஸ்ட் 24இல்தான். குடிசனின் கடைசி ஆட்டத்தில் இரு கோல்களையும் அடித்த இலிமான் இந்தியாயேதான் புதிய அரங்கிலும் முதல் கோலை அடித்தார். இத்தகைய பொருத்தங்களுக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று தெரிந்தும் மனிதர் அவற்றை விடுவதில்லை.

---

சந்தாங்கேணி

நானா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரத்தில் மைதானங்களும் பாடசாலை வளவுகளும் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின. எந்தக் கழகமும் ‘இது எங்கள் ஆடுகளம்’ என்று மறுக்கவில்லை. கழகத்துக்குத் தனி உறுதி இருந்திருந்தால் அன்று அதே மனம் வந்திருக்குமா? பொதுக் காணி பொதுவாகவே இருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஆனால் வாவிக்கரை அண்ணன் சொன்ன களியாட்ட விழா போன்ற அநியாயங்கள் நடக்காதிருக்க என்ன வழி? நொத்தாரிசு ஐயாவிடம்தான் கேட்க வேண்டும்.

---

நொத்தாரிசு காரியாலயம்

பொதுக் காணியைக் கழகத்தின் பெயருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பெரும்பாலான இடங்களில் அது நியாயமும் அன்று. கேட்கக் கூடியது எழுத்து மூலமான ஒரு பயன்பாட்டு உடன்படிக்கை. அதற்கு முதலில் கழகம் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், யாப்பும் கூட்டக் குறிப்புகளும் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். பின்னர் காணியை நிர்வகிக்கும் சபையுடனோ பாடசாலையுடனோ, எந்த நாள்களில் எந்த நேரம், புல்லையும் வேலியையும் பராமரிப்பது யார், வேறு நிகழ்ச்சிக்குக் கொடுப்பதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல், சேதத்துக்கு யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆசிரியை சொன்னபடி பெண்பிள்ளைகளுக்குரிய மாலைகளையும் அதிலேயே எழுதிவிட்டால், பிறகு வரும் நிர்வாகம் வாய்மொழியாக மாற்ற முடியாது.

இன்னொன்று, சுற்றுப்போட்டி நாளில் குளிர்பானமும் சிற்றுண்டியும் விற்கும் உரிமை யாருக்கு என்பதையும் எழுத மறக்க வேண்டாம். சிறிய விடயம் என்று தோன்றும். அன்ஃபீல்டில் அந்த உரிமையை ஹவுல்டிங் தமக்கே வைத்துக்கொண்டதும் சண்டை முற்றியதற்கு ஒரு காரணம். மாதிரி உடன்படிக்கை ஒன்றைத் தயாரித்து, வார இறுதிக்குள் இதே இழையில் இடுகிறேன். கழகச் செயலாளர்கள் பார்த்துத் திருத்தங்களைச் சொல்லலாம்.